நன்னி சொல்லாமல் போன மருந்து

2002ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் பத்து நாட்களே இருந்த சமயம். பட்டுக்கோட்டை வட்டாரத்திலுள்ள எங்கள் ஊரில் தை அறுவடை முடிந்து, கல்யாணங்கள் களைகட்டியிருந்தன. குர்பானிக்கென்று குட்டியிலிருந்து வளர்த்த கிடாய் ஒன்று எங்கள் கொல்லையில் நின்றது. உடலெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. என் தாயார் சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து எடுத்துச் சென்றால், காலடிச் சத்தத்திலேயே அடையாளம் கண்டு குரல் கொடுக்கும்.

அடுத்த தெருவில் வலிமா விருந்து. மிஞ்சிய சோற்றை யாரோ வேலியோரம் கொட்டிவிட்டார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு போன கிடாய் அதை வயிறு கொள்ளுமட்டும் தின்றுவிட்டது. மாலைக்குள் இடப்பக்கம் விலா உப்பி, தட்டினால் மத்தளம் போல் ஒலித்தது. அசை போடுவது நின்றது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது.

கால்நடை மருந்தகம் ஏழு மைல் தொலைவில் இருந்தது, பொழுதும் சாய்ந்துவிட்டது. "நம்ம நன்னி இருந்தா இந்நேரம் எழுப்பி நடக்க விட்டிருக்கும்" என்று அம்மா கலங்கினார். நன்னி என்பது என் தாயாரின் தாயார். 1996இல் வஃபாத்தானவர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அவர் அரைத்துக் கொடுத்த மருந்துக்காக, சாதி மத வேற்றுமையின்றி நாலு ஊர் ஜனங்கள் எங்கள் வாசலில் வந்து நின்ற காலம் உண்டு.

அந்த மருந்தில் என்னென்ன இருந்தது? அம்மாவுக்கு மிளகு நினைவிருந்தது. எனக்கு இஞ்சியின் நெடி நினைவிருந்தது. வெற்றிலை நிச்சயம் உண்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் உண்டு என்று இருவருமாகச் சேர்ந்து ஒரு கணக்குக்கு வந்தோம். அம்மியில் அரைத்தோம். மோரில் கரைத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக்கொண்டேன். கிடாயின் தலையை அம்மா வானத்தை நோக்கி நிமிர்த்திப் பிடிக்க, நான் புட்டியை வாய்க்குள் சாய்த்தேன். கிடாய் இருமியது, திமிறியது. மருந்து வீணாகிவிடக் கூடாதே என்று இன்னும் இறுகப் பிடித்து முழுவதையும் ஊற்றி முடித்தேன்.

மறுநாள் காலை வயிற்று உப்புசம் சற்றே தணிந்திருந்தது. ஆனால் கிடாய்க்கு மூச்சு இரைத்தது. மூக்கில் நுரை. மருந்தகத்துக்கு வண்டியில் ஏற்றிச் சென்றோம். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "என்ன ஊற்றினீர்கள் என்று கேட்கவில்லை; எப்படி ஊற்றினீர்கள்?" என்றார். நான் சொன்னேன். அவர் தலையசைத்தார். "வயிற்று நோயோடு இருந்த ஆட்டுக்கு நுரையீரல் நோயையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். ஊசி போட்டார். மூன்றாம் நாள் பஜ்ரு நேரத்தில் கிடாய் இறந்துவிட்டது.

அந்த ஆண்டுக் குர்பானிக்குச் சந்தையில் வேறு கிடாய் வாங்கினோம். அம்மா அதன் அருகே போகவில்லை.

"சொன்னால் பலிக்காது"

நன்னி ஏன் அந்த மருந்தை யாருக்கும் சொல்லிவைக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நம் கிராமங்களில் மருந்து தெரிந்த பெரியவர்களிடம் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. 'மருந்தை வெளியே சொன்னால் பலிக்காது' என்னும் நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. பச்சிலை பறிக்கப் போகும்போது யாரும் கூப்பிடக் கூடாது; அரைக்கும்போது வேற்றாள் பார்க்கக் கூடாது; கூலி வாங்கக் கூடாது. இப்படிப் பல கட்டுப்பாடுகள்.

கூலி வாங்காமை பெருந்தன்மையான பழக்கம். அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் சொல்லாமை? பச்சிலையின் குணம் பறிப்பவர் வாயைத் திறந்ததும் ஓடிவிடுவதில்லை. நன்னியின் மீது எனக்குள்ள மரியாதைக்கு இதனால் பங்கமில்லை. ஆயினும் அவர் காத்த இரகசியம் அவர் பேரன் கையாலேயே ஓர் உயிரைப் போக்கியது என்பதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

இந்தப் பழக்கம் பாமர மக்களிடம் மட்டும் இருந்ததாக எண்ணிவிடவும் வேண்டாம். நம் முன்னோர்களோடு தொடர்புடைய பழைய செய்தி ஒன்றைப் பாருங்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில், ஹுர்முஸ், ஏடன் முதலான இடங்களிலிருந்து வந்த மரக்கலங்கள் அரபுக் குதிரைகளை இறக்கின. பாண்டிய மன்னர்கள் அவற்றைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினர். அந்நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினாரென்றும், ஆண்டு முடிவில் நூறு கூட உயிரோடு எஞ்சவில்லையென்றும் எழுதுகிறார். அதற்கு அவர் கூறும் காரணந்தான் கவனிக்கத்தக்கது. குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்த வைத்தியர்கள் இங்கில்லை. குதிரை விற்க வந்த வணிகர்களோ அத்தகைய வைத்தியர்களை உடன் அழைத்து வரவுமில்லை, பிறர் வருவதையும் விரும்பவில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே புதிய குதிரைகள் விலைபோகும்!

ஒரு பயணியின் கூற்றை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். இந்நாட்டின் வெப்பமும் தீனியும் அக்குதிரைகளுக்கு ஒவ்வாமற் போயிருக்கலாம். எனினும் வைத்திய அறிவைப் பூட்டிவைத்தால் யாருக்கு இலாபம், எந்த உயிருக்கு நட்டம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தியை நான் படித்ததில்லை. இராவுத்தர் என்னும் பெயரையே குதிரையோடு இணைத்துப் பேசும் மரபில் வந்தவன் என்பதால், இது எனக்குச் சற்றுக் கூடுதலாகவே உறைத்தது.

அதே நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. ஸ்பெயினின் மலாகாவில் பிறந்து, வட ஆப்பிரிக்கா வழியே மூலிகை தேடி நடந்து, 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், தாம் கண்டவற்றையும் முன்னோர் நூல்களில் கற்றவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களை அகரவரிசையில் எழுதிவைத்தார். எந்தச் செடி, எந்த ஊரில் என்ன பெயர், எவ்வளவு கொடுப்பது என்று எதையும் ஒளிக்காமல் எழுதிய அந்தப் பெரியாரின் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? 'பைத்தார்' என்றால் அரபு மொழியில் கால்நடை வைத்தியர். கால்நடை வைத்தியரின் மகன் என்பதே அவர் பெயர்!

நம் தமிழிலும் 'மாட்டு வாகடம்' என்னும் பெயரில் ஏட்டுச்சுவடிகள் எழுதப்பட்டு, பின்னர் அச்சேறியும் உள்ளன. எழுதியவர்கள் இல்லாமலில்லை. எழுதியது நன்னியின் அம்மிக்கு வந்து சேரவில்லை. அம்மியில் இருந்தது ஏட்டுக்குப் போகவில்லை.

அம்மியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

கிடாய் இறந்து சில ஆண்டுகள் கழித்து, எங்கள் ஊருக்கு அருகிலேயே இந்தக் குறையைத் தீர்க்கும் வேலை நடந்து வருவதை அறிந்தேன். 1989இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, கிராமத்துப் பெரியவர்களிடம் வழங்கிய கால்நடை மருந்துகளைக் கேட்டுத் தொகுத்து, அவற்றுக்கு அளவும் முறையும் வகுத்து விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். 'ஒரு பிடி', 'கொஞ்சம்' என்று வாய்மொழியாக இருந்தவை கிராம் கணக்கில் வந்தன. பின்னர் தேசிய பால்வள வாரியமும் இம்மருந்துகளைக் கையேடுகளாக அச்சிட்டுப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக நாடெங்கும் பரப்பியது.

இவற்றுள் குடும்பப் பெண்கள் அவசியம் அறிந்துவைக்க வேண்டியது மடிநோய்க்கான மருந்து. கறவை மாட்டின் மடி திடீரென்று வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டு, பால் திரிந்தோ இரத்தங் கலந்தோ வருவதுதான் மடிநோய். கறப்பவர் கையின் அழுக்கு, தொழுவத்தின் ஈரம், காம்பில் பால் தேங்குதல் ஆகியவற்றால் கிருமி உள்ளே புகுந்து வருவது. ஒரு வேளை கவனிக்காமல் விட்டாலும் அந்தக் காம்பு நிரந்தரமாக வற்றிப்போகலாம்.

சோற்றுக்கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். இவ்வளவுதான் மருந்து. கற்றாழையை முள் சீவித் தோலோடு துண்டாக்கி மூன்றையும் சேர்த்து அரைத்தால், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து, வெற்றிலை போட்ட வாய் போலச் செக்கச் சிவந்த விழுது கிடைக்கும். மடியிலுள்ள பாலை முழுவதும் கறந்து வெளியேற்றிவிட்டு, மடியை நன்றாகக் கழுவித் துடைத்து, விழுதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து மடி முழுவதும் தடவ வேண்டும். ஒரு முறை தடவிவிட்டு 'பலிக்கவில்லை' என்று சொல்பவர்களே அதிகம். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாட்கள் விடாமல் தடவ வேண்டும். விழுதை அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய பூச்சைக் கழுவிவிட்டே புதியதைப் பூச வேண்டும். இதோடு எலுமிச்சம்பழம் இரண்டை நறுக்கி, காலையும் மாலையும் மூன்று நாட்கள் தின்னக் கொடுப்பதும் அக்கையேட்டு முறையில் உண்டு.

எட்டு முதல் பத்து முறை என்பதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நன்னி நோய்கண்ட மாட்டின் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். மந்திரம் ஓதுகிறார் என்று சிறுவர்களாகிய நாங்கள் நினைத்துக்கொள்வோம். அவர் செய்துகொண்டிருந்தது பூச்சுக் காயக் காயக் கழுவிப் பூசும் வேலை!

மடிநோய்க்கு மட்டும் நான் இத்தனை வரிகள் ஒதுக்குவதற்குக் காரணமுண்டு. கறவை மாடுகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் மிகுதியாகப் போடப்படுவது இந்நோய்க்குத்தான். ஊசி போட்ட மாட்டின் பாலில் அம்மருந்து சில நாட்கள் வரை கலந்து வரும். எத்தனை நாட்கள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்பது மருந்துப் புட்டியின் மேலேயே எழுதியிருக்கும். ஆனால் நான்கு நாட்கள் பாலைக் கீழே ஊற்ற எந்த ஏழைக் குடும்பத்துக்கு மனம் வரும்? அது விற்பனைக்கு வருகிறது. நம் பிள்ளைகளின் குவளைக்கும் வருகிறது. இவ்வாறு சிறுகச் சிறுக மருந்தைப் பார்த்துப் பழகும் கிருமிகள் அதற்கு அஞ்சாதவையாகிவிடுகின்றன. நாளை அதே கிருமி மனிதரைத் தாக்கினால், அதே மருந்து வேலை செய்வதில்லை. அறுக்கும் ஆட்டுக்கும் இது பொருந்தும். ஊசி போட்ட ஆட்டைக் குறிப்பிட்ட நாட்கள் கழியாமல் அறுக்கலாகாது என்பதைச் சந்தையில் வாங்கும்போது நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

கால்நடைக்குப் போட்ட ஊசி எங்கெல்லாம் போய்த் தாக்கும் என்பதற்குப் பாறுக் கழுகுகளின் கதை ஒன்று போதும். மாடுகளுக்கு வலிக்காகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாட்டின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004இல் கண்டறியப்பட்டது. கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்த 2006இல் இந்திய அரசு தடை விதித்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டிருந்தன.

நோன்புக் கஞ்சியும் கோமாரியும்

கோமாரி என்று நாம் சொல்லும் கால் காணை வாய்க் காணை நோய் கண்ட மாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் துன்பம் தெரியும். வாயெல்லாம் புண், எச்சில் நூலாக ஒழுகும். குளம்பிடுக்கில் புண், நிற்க முடியாது. பசி இருக்கும், தின்ன முடியாது.

வாய்ப்புண்ணுக்குரிய மருந்தைக் கேளுங்கள்: சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள் ஒவ்வொன்றும் 10 கிராம், பூண்டு நான்கு பல், வெல்லம் 120 கிராம், முழுத் தேங்காய் ஒன்றின் துருவல். படித்தவுடன் எனக்கு ரமழான் மாதத்து அஸர் நேரத்தில் பள்ளிவாசல் அண்டாவிலிருந்து எழும் வாசனைதான் நினைவுக்கு வந்தது. வெல்லத்தை நீக்கிவிட்டால் ஏறக்குறைய நோன்புக் கஞ்சிக்குக் கூட்டும் சரக்கல்லவா! பகல் முழுதும் வெறும் வயிறாக இருந்தவருக்கு எது இதமென்று கண்டார்களோ, அதுவே வாய் புண்ணாகித் தின்ன முடியாமற் கிடந்த மாட்டுக்கும் இதமென்று கண்டிருக்கிறார்கள் போலும். இது என் ஊகமே தவிர ஆராய்ச்சியன்று.

சீரகம், வெந்தயம், மிளகு மூன்றையும் அரைமணி நேரம் ஊறவைத்து, மற்றவற்றோடு அரைத்து, தேங்காய்த் துருவலைக் கையால் பிசைந்து, மாட்டின் நாக்கிலும் அண்ணத்திலும் மெல்லத் தடவிவிட வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, மூன்று முதல் ஐந்து நாட்கள். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் செய்ய வேண்டும்.

காற்புண்ணுக்கு வேறு மருந்து. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, கால் லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்து, புண்ணைக் கழுவிவிட்டு இட வேண்டும். புழு வைத்திருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைப்பார்கள். பெருநாளுக்கு மருதாணி பறிக்கும் செடிக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருப்பதை நம் பெண்மக்களில் எத்தனை பேர் அறிவர்?

இவை தவிர, கன்று ஈன்ற பசுவுக்கு நச்சுக்கொடி விழ மூங்கில் இலை கொடுப்பதும், மாலையில் தொழுவத்தில் நொச்சித் தழையைப் புகைத்துக் கொசுவை விரட்டுவதும், எலும்பு முறிந்த ஆட்டின் காலில் பிரண்டையை அரைத்துப் பற்றுப்போட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதும் நம் ஊர்ப்புறங்களில் கண்ட வழக்கங்கள். ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதொடை என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எந்தச் செடியை ஆடு தின்னும், எதை மோந்துவிட்டு ஒதுங்கும் என்று மேய்ச்சலில் பார்த்துப் பார்த்துத்தான் மனிதன் பாதி வைத்தியம் கற்றிருக்க வேண்டும்.

பச்சிலை நிற்கும் இடம்

இவ்வளவும் எழுதிவிட்டு, பச்சிலை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று வாசகர்கள் எண்ணும்படி விட்டால் நான் மீண்டும் ஒரு முறை புட்டியைச் சாய்த்தவனாவேன்.

வெக்கை நோய் என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பாட்டன் காலத்தில் அது ஓர் ஊருக்குள் நுழைந்தால் தொழுவங்கள் வெறிச்சோடிப் போகும். அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 2011இல் முறைப்படி அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக மண்ணிலிருந்து ஒழிக்கப்பட்ட நோய் அதுவே. ஒழித்தது தடுப்பூசி. எந்தப் பச்சிலையும் அன்று. எந்த நன்னியும் அன்று.

கோமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறது. மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் தேசியத் திட்டம் 2019இல் தொடங்கியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசிகள் உண்டு. மேலே சொன்ன கோமாரி மருந்துகள் புண்ணை ஆற்றவும் மாட்டைத் தின்னவைக்கவும் உதவுபவை. தடுப்பூசிக்கு மாற்று அல்ல. வெறிநாய் கடித்த ஆட்டுக்குப் பச்சிலை கட்டிக்கொண்டிருப்பது, கட்டுபவரின் உயிருக்கே உலை. அதன் எச்சில் கையிலுள்ள கீறலில் பட்டாலும் ஆபத்து. திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடியும் கால்நடை அடைப்பான் நோயால் செத்ததாக இருக்கலாம். அதை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

என் கிடாயின் நோயும் பச்சிலையோடு நிற்கும் நோயன்று. சோறும் தானியமும் மிதமிஞ்சித் தின்ற ஆட்டின் இரைப்பையில் புளிப்பு மிகுந்து, அது இரத்தத்திலும் ஏறிவிடும். அதற்கு மருத்துவர்கள் சமையல் சோடாவை அளவோடு கொடுப்பார்கள். தேவையானால் நரம்பு வழி மருந்து ஏற்றுவார்கள். இதை எனக்கு அதே மருத்துவர்தான் பின்னொரு நாள் பொறுமையாக விளக்கினார். கூடவே, மருந்து ஊற்றும் முறையையும் சொல்லித் தந்தார். தலையை ஒருபோதும் அண்ணாந்து பிடிக்கக் கூடாது. இயல்பாக நிற்கும் மட்டத்திலேயே இருக்க வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. அவ்வழியே சிறிது சிறிதாக ஊற்றி, விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். இருமினால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊற்றவே கூடாது. ஊற்றுவதைவிட, உருட்டித் தடவுவதே மேல்.

வாசகர்கள் தங்கள் வீட்டில் ஆடு மாடு இல்லையென்றாலும், இருக்கும் உறவினரிடம் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

பெரியம்மாவின் பேச்சு

நன்னியின் மூத்த மகளான என் பெரியம்மா பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். எண்பதைக் கடந்தும் நினைவு தெளிவாக இருந்தது. ஒரு நாள் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சொன்னால் பலிக்காது என்று மறுப்பாரோ என்ற அச்சம் எனக்கு இருந்தது.

"எங்கம்மா கிட்டேயிருந்து எனக்குத் தெரியும், எனக்கு அப்புறம் யாருக்குத் தம்பி தெரியணும்? எழுதிக்க" என்றார்.

எழுத எழுத நான் திகைத்துப் போனேன். உப்புச மருந்தில் மிளகும் இஞ்சியும் வெற்றிலையும் வெங்காயமும் பூண்டும் இருந்தன. நாங்கள் கூட்டிய கணக்கு சரிதான். விட்டுப்போனவை சீரகமும் மஞ்சளும் பனைவெல்லமும். ஆனால் மோர் இல்லவே இல்லை.

"மோரா? யாரு சொன்னது? அம்மா ஒரு நாளும் ஆட்டுக்கு வாயில ஊத்தினதில்ல தம்பி. கெட்டியா அரைச்சு, வெல்லத்தோட உருட்டி, கல்லுப்புல பொரட்டி, கடைவாயோரமா நாக்குல வச்சுத் தேய்க்கும். உப்பும் இனிப்பும் பட்டா அது தானா சப்பி எறக்கும். அவசரப்பட்டு ஊத்துனா பொரை ஏறிச் செத்துப்போகும்னு சொல்லும்."

கல்லுப்பில் புரட்டியதை நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சுவைக்காக என்று நினைத்து மறந்துவிட்டேன்.

கிடாய் விஷயத்தைப் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. அம்மாவும் அருகில் இருந்தார், அவரும் சொல்லவில்லை.

மஃரிபுக்குப் பின்னும் எழுதிக்கொண்டிருந்தோம். குடற்புழுவுக்குத் தும்பையும் வேப்பிலையும் பாகற்காயும் வாழைத்தண்டும், செருமலுக்கு ஆடாதொடை, சினை நிற்காத மாட்டுக்கு முள்ளங்கியில் தொடங்கி முருங்கைக் கீரை வரை நாள் கணக்கில் ஒரு வரிசை. சில என் கையேட்டோடு ஒத்துப்போயின, சில போகவில்லை. ஒத்துப்போகாதவற்றை ஓரத்தில் குறியிட்டு, மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். அரளியும் ஊமத்தையும் கலந்த இரண்டு மருந்துகளை அவரே, "இது உங்களுக்கு வேணாம்; அளவு தப்புனா நஞ்சு" என்று எழுத விடவில்லை. காய்ச்சல் மாட்டுக்குச் சூடு போடும் வழக்கத்தைக் கேட்டேன். "அது வைத்தியமில்ல, வதை. எங்கம்மா செஞ்சதில்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

கடைசியாக உண்ணி மருந்துக்கு வந்தோம். வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடித் தழை, பூண்டு, மஞ்சள். இவற்றை அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வெயில் நேரத்தில் துணியில் தோய்த்து உடம்பெங்கும் தேய்க்க வேண்டும். வாரம் ஒரு முறை. எண்ணிப் பார்த்தேன். கையேட்டில் இன்னும் ஒன்று இருந்தது.

"இன்னொண்ணு உண்டே பெரியம்மா?" என்றேன்.

"உண்டு. விளக்கு வச்சப்புறம் அது பேரைச் சொல்லக் கூடாது. காலைல கேளு."

காலையில் கேட்டேன். "வசம்பு. சுண்டுவிரல்ல ஒரு கணு" என்றார். அதையும் எழுதிக்கொண்டு ஊர் திரும்பினேன்.